விரல், குதிகால்

போன வாரம் என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருங்க, உங்க மாப்பிள்ளையா?" என்று கேட்டார். பனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். தலையில் ஹெல்மெட், கண்ணில் பெரிய கண்ணாடி, காலில் ஒரு நீளப் பலகை. "நான்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. அருகில் போய்ப் பார்த்தார். மூக்கை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். "அறுபது வயசுல உமக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்றார்.

அன்று காபி குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பனி என்றால் முதலில் ஒரு எழுத்துதான். பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். ஆறு வயதில் ஆசிரியர் 'தீக்தே' சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். 'நெழ்' என்றால் பனி. அந்தப் பனி கூரைகளில் விழும், மரங்களில் விழும், எங்கள் நோட்டில் விழும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். மார்கழிப் பனிக்கே காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் இது. பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விடிகாலைப் புல்லில் இருக்கும் துளியையும் சொல்லுவோம், மலையையே மூடுகிற அதையும் சொல்லுவோம். எழுத்துப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த அந்தப் பொருளைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஐம்பத்தைந்து வருடம் ஆயிற்று.

2011 ஏப்ரலில் ஓய்வு பெற்றேன். அந்த ஜூலையிலேயே என் மனைவி போய்விட்டாள். ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேரும் பிரான்சுக்கு மகள் வீட்டுக்குப் போய் ஆறு வாரம் இருந்துவிட்டு வருவது என்று பேசி வைத்திருந்தோம். அவளுக்காக வாங்கிய கம்பளிச் சால்வை விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் அலமாரியில் இருந்தது. அந்த அலமாரியை நான் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சர்வீசில் கடைசி ஒன்பது வருடம் குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்தவன் நான். கணவனை இழந்து வந்து நிற்கிற பெண்களிடம், "அம்மா, இறப்புச் சான்றிதழைச் சீக்கிரம் கொடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்று எத்தனை நூறு முறை சொல்லியிருப்பேன்! என் வீட்டில் நடந்தபோது அவள் பேரில் இருந்த வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு, என் பென்ஷன் தாளில் அவள் பெயர், எல்லாம் அப்படியே கிடந்தன. சொந்தக் கோப்பு மட்டும் நிலுவையில்.

2012 ஜனவரியில் மகள் வந்து என்னை அழைத்துக்கொண்டு போனாள். அவள் வாழ்க்கைப்பட்டது நம் ஊரிலிருந்து போன ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்தில். இங்கே 'சொல்தா வீடு' என்று சொல்லுவோமே, அப்படி. அவர்கள் இருப்பது கிரனோபிள் நகரத்தில். ஊர் தட்டையாக இருக்கும், சுற்றிலும் மூன்று பக்கம் மலை. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெருக்கோடியில் ஒரு மலை நிற்கும். நான் நாலாவது மாடியில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் அதுதான் வேலை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போவதற்கு முன் ஃபிளாஸ்கில் காபி ஊற்றி வைத்துவிட்டுப் போவாள்.

பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வந்தது. பேத்திக்கு அப்போது பத்து வயது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் மலைக்குப் போவதுதான். அவளுக்கு ஸ்னோபோர்டு கற்றுக்கொடுக்க ஒரு வாரத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். முதல் நாள் போனவள், பலகையோடு முகம் குப்புற விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பா கெஞ்சினார், அம்மா மிரட்டினாள். கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது, பிரெஞ்சில்: "தாத்தாவும் கத்துக்கிட்டா நான் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் மூன்று வாரமாக என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இதுதான் முதல் கோரிக்கை.

"அப்பா, உங்களுக்கென்ன பைத்தியமா? இடுப்பெலும்பு உடைஞ்சா யார் பார்க்கிறது?" என்றாள் மகள். நான் நாற்பது வருடம் சைக்கிளில் அலுவலகம் போனவன், உடம்பு கெட்டியாகத்தான் இருந்தது. டாக்டரிடம் காட்டினோம், இன்ஷூரன்ஸ் எடுத்தோம். பிள்ளைகள் குழுவில் கிழவனைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாக ஒரு ஆசிரியரை மாப்பிள்ளை ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் இரண்டு மணி நேரம், ஐந்து நாள்.

போன இடம் ஷாம்ரூஸ். கிரனோபிளிலிருந்து பஸ்ஸில் போகலாம். வளைந்து வளைந்து 1,650 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிற பாதை. 1968 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்தது அங்கேதான். ழான் குளோத் கில்லி என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினார். எனக்கு அப்போது பதினேழு வயது. அடுத்த வீட்டுச் சொல்தா தாத்தா வரவழைக்கும் பிரெஞ்சுப் பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்திருக்கிறேன். அதே மலையில் ஒருநாள் நானும் விழுந்து எழுவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கில்லியின் காலத்தில் இரண்டு காலுக்கும் இரண்டு கட்டை, அதுதான் ஸ்கீ. ஸ்னோபோர்டு அதற்குப் பிறகு பரவியது. 1965இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். ஒரே பலகையில் பக்கவாட்டில் நின்று இறங்கும் விளையாட்டு அதிலிருந்து வளர்ந்தது. 1998இல் ஜப்பானில் நகானோ ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். அதில் பெண்களுக்கான முதல் தங்கத்தை வாங்கியதும் ஒரு பிரெஞ்சுப் பெண்தான், கரீன் ரூபி. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் ஆசிரியர். சிவப்புக் கோட்டு போட்ட, முப்பது வயதுகூட ஆகாத பையன். என்னை 'முசே' என்றுதான் கூப்பிடுவான். என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, "முசே, நீங்கள் என் பாட்டனார் மாதிரிப் பேசுகிறீர்கள்" என்றான். பழைய காலத்துப் பள்ளிக்கூடப் பிரெஞ்சு, வேறு எப்படி இருக்கும்?

முதலில் எந்தக் கால் முன்னால் என்று பார்க்க வேண்டும். என்னை நேராக நிற்கச் சொல்லிவிட்டு, எதிர்பாராமல் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினான். இடது காலை முன்னே வைத்துச் சமாளித்தேன். அப்படியானால் இடது கால் முன்னால். பேத்தியைத் தள்ளியபோது அவள் வலது காலை வைத்தாள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எங்கள் கதையே இதில்தான் இருக்கிறது. பலகையில் ஆள் பக்கவாட்டில் நிற்பதால், ஒரே திசையில் போகும்போது நான் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு போவேன், அவள் மலையைப் பார்த்துக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது நான் மலையைப் பார்ப்பேன், அவள் பள்ளத்தாக்கைப் பார்ப்பாள்.

பலகையின் இரண்டு ஓரத்திலும் எஃகு விளிம்பு உண்டு. பிரெஞ்சில் 'கார்' என்பார்கள். ஸ்னோபோர்டில் எல்லா வித்தையும் அந்த விளிம்பில்தான். ஒரு விளிம்பு கால்விரல் பக்கம், இன்னொன்று குதிகால் பக்கம். பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, மேட்டுப் பக்க விளிம்பைப் பனியில் அழுத்தினால் நிற்கும். கொஞ்சம் தளர்த்தினால் பக்கவாட்டிலேயே சறுக்கிக்கொண்டு கீழே வரும். முதல் நாள் முழுக்க அதுதான். பிறகு அதே நிலையில் இடது காலில் கொஞ்சம் எடை கொடுத்தால் இடது பக்கம் நகரும், வலது காலில் கொடுத்தால் வலது பக்கம். மரத்திலிருந்து உதிர்ந்த இலை அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டு இறங்குமே, அது மாதிரி. அதற்குப் பெயரே 'ஃபேய் மோர்த்', உதிர்ந்த இலை என்றுதான்.

இதை நான் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். குதிகால் விளிம்பில் நின்று, நாற்காலியில் உட்காருகிறவன் போல முழங்காலை மடக்கி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இலை மாதிரி இறங்கி வந்தேன். விழவே இல்லை. பேத்தி நாலு முறை விழுந்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

ஆசிரியன் கீழே காத்திருந்து என்னைப் பார்த்துச் சொன்னான்: "நன்றாக இருக்கிறது, முசே. குதிகாலிலேயே நின்றுகொண்டு இந்த மலை முழுவதையும் இறங்கிவிடலாம். பல பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள். தொடை வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் அது பிரேக்கை விடாமல் கார் ஓட்டுகிற மாதிரி."

அன்று இரவு தொடை வலித்தது உண்மைதான். அவன் சொன்னதும் வலித்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

இரண்டாம் நாள் திரும்பக் கற்றுக்கொடுத்தான். இங்கேதான் சங்கடம். இடது பக்கம் போய்க்கொண்டிருக்கிற பலகை வலது பக்கம் திரும்ப வேண்டுமானால், நடுவில் ஒரு கணம் அதன் மூக்கு நேராகக் கீழே பார்த்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. சரிவில் ஒரு பந்தை விட்டால் அது உருளுமே, அந்தக் கோட்டில் பலகை நிற்கும். அந்தக் கணத்தில் எந்த விளிம்பும் பனியைப் பிடித்திருக்காது. பிரேக் இல்லை. பலகை தட்டையாக, விடுபட்டு, வேகம் எடுக்கும். ஒரு நொடிதான் இருக்கும். ஆனால் அந்த ஒரு நொடியில் அறுபது வருடத்துப் புத்தி முழுக்கப் 'பின்னால் சாய்' என்று கத்தும்.

பின்னால் சாய்ந்தால் என்ன ஆகும்? எடை பின்காலுக்குப் போகும். முன்பக்கம் லேசாகிவிடும். எந்த முனை திரும்ப வேண்டுமோ அந்த முனைக்குப் பனியோடு தொடர்பே இருக்காது. பலகை திரும்பாமல் நேராக ஓடும். பயத்தில் மறுபடி குதிகாலை அழுத்தினால் அடுத்த நொடி உட்காரும் இடத்தில் அடி. தப்பித்துக்கொள்ளச் செய்கிற காரியமே விழ வைக்கிறது. அன்று நான் பதினேழு முறை விழுந்தேன். கணக்குப் பிரிவுக்காரன், எண்ணாமல் இருக்க முடியுமா?

இன்னொரு வகை விழுதலும் உண்டு. பள்ளத்துப் பக்க விளிம்பு தெரியாத்தனமாகப் பனியில் குத்திவிட்டால், காலை யாரோ பிடித்து இழுத்த மாதிரி அறைந்து தள்ளும். பேத்தியின் உதட்டைக் கிழித்தது இதுதான். 'ஃபோத் த கார்', விளிம்புப் பிழை என்று பெயர். பலகை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்க விளிம்பைத் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்பது பாடம். விழும்போது கையை விரித்து ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போய்விடும். முஷ்டியை மூடிக்கொண்டு முன்கையில் விழ வேண்டும். பேத்தி என் பாதுகாப்புக்காகச் சோபா குஷன் ஒன்றை என் பின்பக்கம் துண்டால் கட்டிவிட்டாள். அதன்மேல் பனிக்கால்சட்டை. அந்தக் கோலத்தில்தான் ஐந்து நாளும் இருந்தேன். போட்டோவில் அது தெரியாது.

அன்று இரவு சூடான தண்ணீர்ப் பையை இடுப்புக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னப்பா, வரலையா?" என்றாள். "பலகையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுறேன், திரும்ப மாட்டேங்குது" என்றேன். அவள் சிரித்தாள். "கடற்கரைச் சாலையில எனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தது மறந்துபோச்சா? சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்துல காந்தி சிலையைப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மா மதில்மேல உட்கார்ந்துக்கிட்டு, விழட்டும் விடுங்கன்னு சொல்வாங்களே."

அந்த வீட்டில் அவள் அம்மாவைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அன்றுதான். பிறகு வெகுநேரம் பேசினோம்.

மூன்றாம் நாள் காலை. இரவில் யந்திரம் ஓட்டிச் சமன் செய்திருந்த பனி, சீப்பால் வாரிய தலை போல வரிவரியாக இருந்தது. ஆசிரியன் சொன்ன முறை இது. குதிகாலில் இடது பக்கம் போகிறேன். தூக்கி வைத்த கால்விரல்களை மெதுவாக இறக்க வேண்டும், பலகை தட்டையாகட்டும். எடையை முன்காலுக்குக் கொடுக்க வேண்டும். தலையைத் திருப்பிப் போக வேண்டிய வலது பக்கத்தைப் பார்க்க வேண்டும், தலை போனால் தோள் போகும், தோள் போனால் இடுப்பு, இடுப்புக்குப் பின்னால் பலகை. மூக்கு கீழே இறங்கும், பயப்படாமல் இருக்க வேண்டும். இறங்கியதும் முழங்காலை முன்னே தள்ளி, முன்னெலும்பை பூட்ஸின் நாக்கில் அழுத்தி, விரல் விளிம்பில் ஏற வேண்டும். அவ்வளவுதான். எழுதும்போது ஐந்து வரி, செய்யும்போது இரண்டு நொடி.

பிரெஞ்சில் அவன் சொல்லும் கட்டளைகள் பேத்திக்குப் பதற்றத்தில் குழம்பின. நான் தமிழில் சுருக்கினேன். "விரல்!" என்றால் விரல் பக்கம். "குதி!" என்றால் குதிகால் பக்கம். அவளுக்குத் தமிழ் அதிகம் வராது. 'தாத்தா', 'சோறு', 'வேண்டாம்' இந்த மூன்று சொல்லில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு சொல்லும் உடனே ஒட்டிக்கொண்டன. ஒரே ஒரு தொல்லை. எங்கள் கால்கள் எதிர்எதிர் என்பதால் ஒரே திருப்பத்தில் எனக்கு விரல் என்றால் அவளுக்குக் குதிகால். நான் எனக்காகக் கத்தினால் அவள் விழுவாள், அவள் தனக்காகக் கத்தினால் நான் விழுவேன். ஆசிரியன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் ஒரு ஒப்பந்தம்: மேலே நிற்பவர் கீழே போகிறவருக்காக மட்டும் கத்த வேண்டும்.

அவள்தான் முதலில் திரும்பினாள். நான் மேலிருந்து "விரல்!" என்றேன். பலகை கீழே பார்த்தது, ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது, வழுக்கியது, வளைந்தது, அவள் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. பிறகு என் முறை. கீழேயிருந்து யாரும் கத்தவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று பிறகு சொன்னாள். நான் விரலை இறக்கினேன். வலது பக்கம் ஒரு பைன் மரம் இருந்தது, அதைப் பார்த்தேன். காலுக்குக் கீழே தரை விட்டுப்போன மாதிரி இருந்தது. சாயவில்லை. முன்னெலும்பு பூட்ஸில் முட்டியது. விரலுக்குக் கீழே பனி கறகறவென்று பிடித்தது. பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்த்து நின்றேன்.

"தாத்தா! தாத்தா!" என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. விரல் பக்கத்திலிருந்து குதிகால் பக்கம் திரும்புவது அதற்குப் பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை. இடது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவே. ஐந்தாம் நாள் பச்சைச் சரிவில் ஆறேழு திருப்பங்களைச் சேர்த்து இறங்கினோம். அங்கே சரிவுகளுக்கு நிறம் உண்டு. பச்சை எளிது, பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினமாகும். பச்சை என்றால் பிள்ளைகள் இறங்குவது. என் பெருமைக்கு அது போதும்.

ஏப்ரலில் ஊர் திரும்பினேன். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்தேன். புடவைகளை அவள் தங்கைகளுக்குக் கொடுத்தேன். சால்வையை மகளுக்கென்று எடுத்து வைத்தேன். வங்கிக்குப் போனேன், கேஸ் ஏஜென்சிக்குப் போனேன், இறப்புச் சான்றிதழின் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடி தரை விட்டுப்போன மாதிரிதான் இருந்தது. எட்டு ஒன்பது மாதமாக நான் குதிகாலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். விழவில்லை, உண்மைதான். தொடைதான் வலித்தது.

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி போனேன். அப்போதுதான் 'செதுக்குவது' என்றால் என்ன என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் கார்விங் என்கிறார்கள். அதே ஆசிரியன், எங்களை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போகும்போது கீழே காட்டினான். "தடங்களைப் பாருங்கள், முசே." நாங்கள் இறங்கிய இடத்தில் அகலமாகப் பனி வழிக்கப்பட்டிருந்தது, தப்பாக எழுதியதை ரப்பரால் தேய்த்த மாதிரி. அதற்குப் பக்கத்தில் யாரோ இறங்கிய தடம், பென்சிலைச் சீவி எடுத்து இழுத்த ஒரே கோடு. அங்கேயும் திருப்பம், இங்கேயும் திருப்பம். எங்கள் பலகை திரும்பும்போது பக்கவாட்டில் வழுக்கிப் பனியைச் சுரண்டுகிறது. அந்த ஆளின் பலகை வழுக்கவே இல்லை. பலகையின் மூக்கு போன வழியிலேயே வாலும் போயிருக்கிறது.

ரகசியம் பலகையின் வடிவத்தில் இருக்கிறது. ஸ்னோபோர்டு இரண்டு முனையிலும் அகலம், நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும். அதை விளிம்பில் நன்றாகச் சாய்த்து, நடுவில் எடையை வைத்தால், பலகை வில் போல வளையும். வளைந்த விளிம்பு பனியில் ஒரு வட்டத்தின் துண்டை வெட்டிக்கொண்டு போகும். ஆள் திருப்ப வேண்டியதில்லை. சாய்த்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் பலகையே திரும்பும். கற்றுக்குட்டிகள் பொறுமையில்லாமல் பின்காலால் வாலைத் தள்ளிவிடுகிறோம், கார் கண்ணாடி வைப்பர் மாதிரி. தள்ளினால் வழுக்கல்தான், கோடு கிடைக்காது. வழுக்கும்போது வேகம் குறையும், செதுக்கும்போது குறையாது. அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் திருப்பத்தைப் பாதியில் விடாமல், பலகை சரிவுக்குக் குறுக்கே வந்து கொஞ்சம் மேட்டைப் பார்க்கும்வரை முழுசாக முடிக்க வேண்டும்.

பேத்திக்கு அது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு உடம்பு கேள்வி கேட்காது. எனக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் வரவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு, ஒரு சாதுவான நீலச் சரிவில் ஒரே ஒரு திருப்பம் வந்தது. விரல் பக்கம். முழங்காலை மடக்கிச் சாய்த்தேன், பின்காலைச் சும்மா வைத்திருந்தேன், காத்திருந்தேன். சுரண்டும் சத்தம் நின்றுபோய், துணியைக் கத்தரிக்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வந்தது. முடிந்ததும் பலகையைக் கழற்றிவிட்டு மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். கோடு இருந்தது. நாலைந்து மீட்டர் நீளம் இருக்கும். லெட்ஜரில் ரூல் தடி வைத்து ஆயிரக்கணக்கான கோடு போட்டிருக்கிறேன். இது தடி வைக்காமல் போட்ட கோடு. பேத்தி அதன் பக்கத்தில் என்னை உட்காரவைத்து எடுத்த படம்தான் கூடத்துச் சுவரில் இருப்பது. நண்பர் அடுத்த முறை வரும்போது என் மூக்கை விட்டுவிட்டு இடது ஓரத்தில் பார்க்கட்டும். கோடு தெரியும்.

பிறகு மூன்று குளிர்காலம் போனேன். 2016க்குப் பிறகு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பேத்திக்கு இப்போது இருபத்து நான்கு வயது, வேலைக்குப் போகிறாள். அவள் தமிழ் ரொம்ப முன்னேறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வருடா வருடம் முதல் பனி விழுந்ததும் மலையிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்புவாள். அதில் அவள் இருக்க மாட்டாள். வெள்ளைச் சரிவில் வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் கோடு மட்டும். கீழே தமிழ் எழுத்தில், கோணல்மாணலாக, இரண்டு சொல் எழுதியிருப்பாள்.

நான் உடனே பதில் போடுவேன். அவளுக்கு எது விரல், எது குதிகால் என்று படத்தைப் பார்த்தே எனக்குச் சொல்லத் தெரியும்.